கடைசிச் சுழியை எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கலிஃபோர்னியாவின் வீடற்றவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு வரி: "6,380 கோடி டாலரைத் தூக்கிக் கொடுத்தும் ஒரு கூடாரம்கூடக் குறையவில்லை." ஒரே வரியில் இரண்டு பிழை. பில்லியன் என்றால் நூறு கோடி, ஆயிரம் கோடி அல்ல. ஆக, அசல் தொகையான 6.38 பில்லியன் டாலர் என்பது 638 கோடி. இதே பிழையைச் சுட்டி முன்பும் எழுதினேன். ராசிபலனுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதில் என் கடிதத்துக்கு இடமில்லாமல் போயிருக்கும்.

இரண்டாவது பிழை, "கொடுத்தும்". யார் கொடுத்தார்கள்? 2024 மார்ச்சில் மாநில வாக்காளர் முன் வைத்த ப்ராப் 1 என்ற மனநலச் சட்ட முன்மொழிவு வெறும் 50.2 சதவீத வாக்கில் தப்பிப் பிழைத்தது. இந்தத் தொகைக்குக் கடன் பத்திரம் விற்க மாநில அரசுக்குக் கிடைத்த அனுமதி அது. ஆண்டுக்குச் சுமார் 31 கோடி டாலர் வீதம் 30 ஆண்டுகள் அடைக்க வேண்டியிருக்கும் என்று வாக்காளர் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். கட்டுரையாளர் அதைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தங்களுக்குத் தெரியாததா, கடன் பத்திரப் பணத்தில் கட்டடம் கட்டலாம், சம்பளம் கொடுக்க முடியாது. சுமார் 440 கோடி சிகிச்சை இடங்களுக்கு, மீதி வீடுகளுக்கு. எல்லாம் கட்டி முடித்தாலும் 6,800 பேருக்குச் சிகிச்சை இடம், 4,350 வீடு, அதிலும் பாதிக்கு மேல் முன்னாள் படைவீரர்களுக்கு என்பதுதான் அன்றைய மதிப்பீடு. மாநிலத்தில் வீடற்றவர்களோ 2024 கணக்குப்படி 1,80,000க்கும் மேல். இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்திருந்தால் அந்த வரியை எழுதக் கை வந்திருக்காது.

இரவுப் பணி நர்ஸுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேய்டைக் கேட்டால், 21 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு, 16 படுக்கைக்கு மேற்பட்ட மனநல விடுதியில் பொதுவாகப் பணம் தராது. இந்தத் தடையின் வேர் 1965 சட்டத்திலேயே இருக்கிறது. அதனால்தான் பல விடுதிகள் சரியாக 16 படுக்கையோடு நிற்கின்றன. சமையலறை, காவல், இரவுப் பணியாளர் எல்லாம் பதினாறுக்கும் வேண்டும், நாற்பதுக்கும் வேண்டும். சின்ன விடுதி நஷ்டத்தில் ஓடி மூடப்படுவது இதனால்தான், "ஊழல்" என்று உங்கள் கட்டுரை போகிறபோக்கில் வீசிய சொல்லால் அல்ல.

வீட்டின் கதை இன்னும் சிக்கல். நகராட்சி நிலம், கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) பணம், மாநிலக் கடன், மத்திய வரிச்சலுகை, வாடகை வவுச்சர் என்று ஐந்தாறு இடத்திலிருந்து பணம் சேர்ந்தால்தான் ஒரு அடுக்குமாடி எழும். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கெடு. ஒன்று தாமதித்தால் மற்றவை காத்திருக்கும், அதற்குள் சிமென்ட் விலையும் வட்டியும் ஏறிவிடும். லாஸ் ஏஞ்சல்ஸில் 2016இல் 120 கோடிக் கடன் பத்திரம் எடுத்துக் கட்டிய வீடுகளுக்குச் சராசரியாக ஒன்றுக்கு 6 லட்சம் டாலர்வரை போனது இப்படித்தான்.

வீடு தயாரானாலும் ஆள் உள்ளே போக அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, வீடற்றவர் என்ற சான்று, இயலாமைக்கு மருத்துவர் கையெழுத்து எல்லாம் வேண்டும். கூடாரத்தை அப்புறப்படுத்தும் லாரியில் அட்டைகளும் சேர்ந்து போய்விடும். மறுபடி பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்க வேண்டும். 72 மணி நேரக் கட்டாய மனநலக் காவலில் இருந்தவரைச் சில நாள் மாத்திரைப் பொட்டலத்தோடு வெளியே விட்டால், மாதம் ஒருமுறை போட வேண்டிய ஊசிக்கு அவரை எந்தப் பாலத்தடியில் போய்த் தேடுவது? தேடுகிற ஊழியருக்குப் பத்துப் பேர்தான் கணக்கு. முப்பது பேரைத் தலையில் கட்டினால் அவர் நேரில் தேடுவதை விட்டுத் தொலைபேசியில் மட்டும் விசாரிப்பவர் ஆகிவிடுவார்.

ப்ராப் 1இல் உருப்படியான மாற்றம் ஒன்று உண்டு, அதைக் கட்டுரை தொடவே இல்லை. பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களிடம் 2004 மனநலச் சட்டப்படி வாங்கும் 1 சதவீத வரியில், கவுண்டிகள் தங்கள் பங்கில் 30 சதவீதத்தை 2026 ஜூலையிலிருந்து வீட்டுவசதிக்கு ஒதுக்க வேண்டும். வாடகைக்குக் கைகொடுக்கும் பணம் இதுதான். ஆனால் அதே பணத்தில் ஓடிக்கொண்டிருந்த வேறு மனநலச் சேவைகளில் எது நிற்கும்? அதைக் கேட்டு எழுதியிருக்கலாமே. கூடாரப் படத்தின் கீழே "பித்தர்கள் முகாம்" என்று தலைப்புக் கொடுக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அந்த எண்ணின் கடைசிச் சுழியை எடுத்து, "கொடுத்தும்" என்பதைக் "கடன் வாங்க அனுமதித்தும்" என்று திருத்திப் போடுங்கள். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
சாக்ரமென்டோ