அந்த முதல் பக்கத்து வரி: பைத்தான் பயிலரங்கு நடத்தும் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் நிரலாக்க வகுப்பு நடத்தும் தமிழ் அமைப்புகளின் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் வார இறுதியில் நீங்கள் நடத்தும் பைத்தான் வகுப்புகளுக்குத் தொண்டூழியராக வந்து உதவுகிறவர்களில் நானும் ஒருவன். கணினிப் பராமரிப்பு என் தொழில். தமிழில் நிரலாக்கம் சொல்லித்தரும் உங்கள் முயற்சியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறையெல்லாம் கையேட்டின் முதல் பக்கத்தோடுதான். "டெர்மினலைத் திறந்து, கீழே உள்ள வரியை ஒட்டி, எண்டர் தட்டவும்" என்று அங்கே ஒன்று எழுதியிருக்கிறது (டெர்மினல் என்பது கட்டளைகளைத் தட்டும் திரை). அது என்ன செய்கிறது, எங்கிருந்து எதைக் கொண்டுவருகிறது என்று ஒரு சொல் கிடையாது. பாடம் இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்குவதாக எல்லாரும் நினைக்கிறோம். முதல் பக்கமே பாடம் என்பது என் கட்சி.

வகுப்பில் நடப்பது உங்களுக்கும் தெரியும். ஒருவர் விண்டோஸில் 'பைத்தான்' என்று தட்டுகிறார், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது. இன்னொருவருக்கு விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல், ஸ்கிரிப்டை ஓட்ட மாட்டேன் என்கிறது. மூன்றாமவருக்கு எல்லாம் சரியாக நிறுவப்பட்டுவிட்டதாகத் திரை சொல்கிறது. நிரலை ஓட்டினால் 'அப்படியொரு மாட்யூல் இல்லை' என்று வருகிறது (மாட்யூல் என்றால் நம் நிரல் அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்). அவர் கணினியில் இரண்டு பைத்தான் இருக்கின்றன. மாட்யூல்களை நிறுவும் கருவியான பிப் ஒன்றுக்குள் போட்டது, அவர் ஓட்டியது மற்றதை. வெறுமனே 'பிப் இன்ஸ்டால்' என்று அச்சடிக்காமல் 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்' என்று அச்சடித்திருந்தால், எந்தப் பைத்தானை ஓட்டுகிறோமோ அதற்குள்ளேயே மாட்யூல் போய்ச் சேர்ந்திருக்கும். விண்டோஸில் முதல் சொல் 'பை' மட்டும் போதும். மேக்கிலும் லினக்ஸிலும் 'பைத்தான்3'. கையேட்டில் கூடுதலாகச் சில எழுத்துகள், அவ்வளவே.

லினக்ஸ் மடிக்கணினி கொண்டுவருகிறவர்களின் கதை வேறு. டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகிய லினக்ஸ் பதிப்புகள் 2023இல் வந்ததிலிருந்து, பொதுவான பைத்தானுக்குள் பிப் கொண்டு எதையும் நிறுவப் போனால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்' என்று தடுத்துவிடும். இயங்குதளத்தின் பல கருவிகள் அதே பைத்தானை நம்பி ஓடுவதால் வைத்த தடை அது. அண்மையில் ஒரு வகுப்பில் இதற்குப் 'பரிகாரம்' என்று பலகையில் எழுதிப்போட்டார்கள்: 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற ஆப்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. பெயரிலேயே உடைப்பேன் என்று சொல்லிக்கொண்டு வருகிற ஆப்ஷன் அது! வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அனுமதி வாங்காமல் சுவரை இடிப்பதற்கு ஒப்பானது. வீடு நம்முடையதுதான், அந்தச் சுவர் எதைத் தாங்கி நிற்கிறது என்று பார்த்துவிட்டல்லவா கை வைக்க வேண்டும்? நிர்வாகி அதிகாரத்தோடு பிப்பை ஓட்டும் 'சூடோ பிப்' கட்டளையை எழுதித் தருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

சரியான வழி 2012இல் வந்த பைத்தான் 3.3 முதலே கூடவே இருக்கிறது. 'வென்வ்' என்னும் மெய்நிகர் சூழல். ஒரு வேலைக்கு ஒரு கோப்புறை. அதற்குள் தனியாக ஒரு பைத்தான், தனியாக அதன் மாட்யூல்கள். சூழலை உருவாக்க ஒரு கட்டளை, அதற்குள் நுழைய ஒரு கட்டளை. ஏதாவது கெட்டுப்போனால் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி செய்யலாம். கணினிக்கு ஒன்றும் ஆகாது. புதிதாகப் படிக்க வருகிறவருக்கு இதைவிடத் தெம்பு தரும் செய்தி கிடையாது. (டெபியன், உபுண்டுவில் இதற்கென 'பைத்தான்3-வென்வ்' என்ற பேக்கேஜை (நிரல் பொதியை) முதலில் அவற்றின் நிறுவல் கருவியான ஆப்ட் மூலம் போட வேண்டியிருக்கும். இதையும் கையேட்டில் சேருங்கள், பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.)

அடுத்தது, நான் மிகவும் அஞ்சுவது. பிப் போய்ப் பொருள் எடுக்கும் பைபிஐ கிடங்கில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி எதையும் ஏற்றலாம். முன்கூட்டியே ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து அனுமதிப்பவர் எவரும் அங்கே இல்லை. மூலநிரலாக வரும் பேக்கேஜ் நிறுவப்படும்போதே தன் நிரலை நம் கணினியில் ஓட்ட முடியும். அதை நம் நிரலுக்குள் அழைக்கும், அதாவது 'இம்போர்ட்' செய்யும் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை ஏஐ ஆய்வில் புழங்கும் பைடார்ச்சின் 'நைட்லி' பதிப்பை (நாள்தோறும் வரும் சோதனைப் பதிப்பை) லினக்ஸில் பிப் வழியாக நிறுவியவர்களுக்கு 'டார்ச்டிரைட்டன்' என்ற பெயரில் வந்தது போலி. பைடார்ச்சின் சொந்தக் கிடங்கில் இருந்த துணைப் பேக்கேஜின் பெயரை யாரோ பைபிஐயில் பதிந்துவிட்டார்கள். பிப் அதையே எடுத்துக்கொண்டது. போலிக்குள் இருந்த நிரல், கணினியின் விவரங்களையும், வேறு கணினிகளுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் வெளியே அனுப்பும்படி எழுதப்பட்டிருந்தது. கைதேர்ந்த ஆய்வாளர்கள் புழங்கும் இடத்திலேயே இந்தக் கதை என்றால், ஒரு எழுத்துப் பிழையோடு அச்சான நம் கையேட்டை நம்பித் தட்டும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

இப்போது ஏஐ உரையாடிகளிடம் கேட்டுக் கையேடு தயாரிக்கும் பழக்கமும் வந்துவிட்டது. அவை சில சமயம் இல்லாத பேக்கேஜ் பெயரை இருப்பதுபோலச் சொல்லும். அந்தப் பெயரை நாளைக்கு ஒருவர் பதிந்து வைத்தால் முடிந்தது. போதாக்குறைக்கு, நிறுவும் பெயரும் நிரலில் அழைக்கும் பெயரும் பல இடங்களில் வேறுவேறு. 'பில்லோ' என்று நிறுவி 'பிஐஎல்' என்று அழைக்கிறோம். 'சைக்கிட்-லேர்ன்' என்று நிறுவி 'எஸ்கேலேர்ன்' என்று அழைக்கிறோம். ஆகவே அச்சுக்குப் போகும் ஒவ்வொரு பெயரையும் பைபிஐ பக்கத்தில் ஒருவர் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். யார் பராமரிக்கிறார், கடைசிப் பதிப்பு எப்போது வந்தது என்பதையும் சேர்த்து.

பதிப்பு எண்ணையும் எழுதிவிடுங்கள். 2024 ஜூனில் எண் கணக்குக்கான நம்பை மாட்யூலின் 2.0 பதிப்பு வந்தபோது, பழைய 1 வரிசைக்கென்று கட்டப்பட்ட பல மாட்யூல்கள் முரண்டு பிடித்தன. நேற்றுவரை ஓடிய பாடம் இன்று ஓடாது; ஆசிரியருக்கும் காரணம் புரியாது. எல்லாம் ஓடுகிற ஒரு கணினியில், நிறுவியவற்றைப் பதிப்பு எண்ணோடு பட்டியலிடும் 'பிப் ஃப்ரீஸ்' கொடுத்து, வரும் பட்டியலை 'ரிக்வயர்மென்ட்ஸ்' கோப்பில் சேமித்து, அந்தக் கோப்பையே எல்லாருக்கும் கொடுங்கள்.

இன்னொன்று, முழுக்க நம்மூர்த் தொல்லை. ஒரே அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பொது வைஃபையில் நூற்றுக்கணக்கான மெகாபைட் இறக்கினால் அது திணறத்தான் செய்யும். வீட்டிலேயே 'பிப் டவுன்லோட்' செய்து ஒரு யூஎஸ்பியில் கொண்டுவரலாம். வகுப்பில் 'நோ-இண்டெக்ஸ்', 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' ஆப்ஷன்களுடன், இணையத்தைத் தொடாமல் அந்த யூஎஸ்பியிலிருந்தே நிறுவலாம். விண்டோஸுக்கும் மேக்குக்கும் தனித்தனியாக இறக்க வேண்டும், பைத்தான் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும். முந்தைய நாள் ஒருவர் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கொண்டுவரும் கற்றல் சாதனங்களை மறந்துவிடாதீர்கள். அவற்றில் எதை நிறுவலாம் என்று கட்டுப்படுத்தும் சாதன நிர்வாகச் செயலி இருக்கும். பல ஐபேட், குரோம்புக். 'ஏன் நிறுவ முடியவில்லை' என்று அந்தப் பிள்ளைகளைக் கடிந்து பயனில்லை. அவர்களுக்கு, உலாவியிலேயே பைத்தானை ஓட்டவிடும் கூகுள் கொலாப் போதும். அங்கேயும் பிப் உண்டு, முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட வேண்டும்.

முதல் மாட்யூலாக எதைத் தரலாம் என்று கேட்டால், தமிழ் எழுத்துகளைக் கையாளும் 'ஓப்பன்-தமிழ்' என்பேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும், புள்ளியையும் கொக்கியையும் தனித்தனியாக எண்ணிவிடுவதால். ஓப்பன்-தமிழை நிறுவி அதே சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கச் சொன்னால் மூன்று வரும். ஒரு மாட்யூலை ஏன் வெளியிலிருந்து கொண்டுவருகிறோம் என்பதற்கு நம் பிள்ளைகளுக்கு வேறு விளக்கமே வேண்டாம். 1997இலேயே தமிழிணைய மாநாடு கண்ட ஊரில் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? நாளைக்கு அவர்கள் நோடுக்குப் போய் அங்கே பிப்பின் வேலையைச் செய்யும் என்பிஎம்மைத் தொட்டாலும், ரஸ்ட் மொழிக்குப் போய் அதன் கார்கோவைத் தொட்டாலும் இதே பழக்கம் கைகொடுக்கும்.

கேட்பது இரண்டே. நிறுவுதலுக்குப் பத்து நிமிடம் போதாது, முதல் வகுப்பில் ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். கையேட்டை அச்சுக்கு அனுப்புமுன், பைத்தானே இல்லாத ஒரு விண்டோஸ் மடிக்கணினியிலும் ஓர் உபுண்டுவிலும் முதல் பக்கத்தை வரிக்கு வரி தட்டிப் பாருங்கள். ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள், வேலை நாள் மாலையானாலும் வந்து செய்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தொண்டூழியர்களில் ஒருவன்
சிங்கப்பூர்