பழைய லேப்டாப்புக்கு எதற்குப் புது டிரைவர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு உங்கள் கணினிப் பக்கத்தில் சென்ற இதழில் பத்து யோசனைகள் வந்திருந்தன. ஒன்பதோடு எனக்குச் சண்டை இல்லை. ‘எல்லா டிரைவர்களையும் எப்போதும் புதுப்பித்து வைத்திருங்கள்’ என்ற ஒன்றைப் படித்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். (டிரைவர் என்பது கணினியின் ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு இணைத்து இயக்கும் மென்பொருள்.) அதன்படி நடந்து மூன்று வருடம் அவதிப்பட்டவள் நான்.

சிவகாசியில் வீட்டிலிருந்தபடியே டி.டி.பி. வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் கொடை நோட்டீஸ், ஆடிப்பெருக்கு நெருங்கினால் காலண்டர் வேலை. லேப்டாப் 2012இல் வாங்கியது. புதிதாக வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். என் வேலை எல்லாம் பேஜ்மேக்கர் 7இல் இருக்கிறது. அச்சுக்குப் பக்கம் வடிவமைக்க 2001இல் வந்த மென்பொருள். அதற்குப் பிறகு அதில் புதுப் பதிப்பே கிடையாது. கோப்புகள் எல்லாம், இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவாக இருக்கும் யூனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில். வேறு மெஷினில் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து கழன்று கிடக்கும். ஆகவே இந்த லேப்டாப் ஓடினால்தான் என் அடுப்பு எரியும்.

கோளாறு இப்படித்தான் வரும். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை இரண்டு நொடி கறுத்துவிடும். திரும்ப வரும்போது, டிஸ்பிளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்றுபோய் மீண்டுவிட்டது என்று மூலையில் ஓர் அறிவிப்பு. முதலில் வாரம் ஒருமுறை. பிறகு நாளுக்கு நாலு முறை. ஒரு ஆவணி முகூர்த்த நேரத்தில், பெண் வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லச் சொல்ல, நீலத்திரை வந்து மெஷினே அணைந்துவிட்டது. அச்சகத்து அண்ணாச்சி போனில், “ஏம்மா, புரூஃப் என்னாச்சு?” என்று கேட்டபோது எனக்குப் பதிலே வரவில்லை.

கடைக்கு எடுத்துப் போனேன். அந்தத் தம்பி மூடியைக்கூடத் திறக்கவில்லை. “போர்டு போயிருச்சு அக்கா. கிராபிக்ஸ் சிப்பு. ரீபாலிங் பண்ணணும், 4,500 ஆகும்” என்றார். சிப்பைக் கழற்றி மறுபடி பற்றவைப்பதாம். இன்னொரு கடையில், “ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுரலாம்” என்றார்கள். போட்டார்கள். மூன்று வாரம் நன்றாக ஓடி, பழையபடி ஆனது. இதில் எனக்கு ஒரு சந்தேகம் விழுந்தது. சிப்பே போயிருந்தால் அது எப்படி மூன்று வாரம் நல்லபிள்ளையாக ஓடும்?

அன்று முதல், திரை கறுக்கும் ஒவ்வொரு முறையும் தினசரிக் காலண்டர் தாளில் ஒரு புள்ளி வைத்தேன். (காலண்டருக்கு எங்கள் ஊரில் பஞ்சமா!) இரண்டு மாதம் கழித்துக் கிழித்த தாள்களை அடுக்கிப் பார்த்தால் புள்ளிகள் பரவலாக இல்லை, கூட்டம் கூட்டமாக இருந்தன. கணினியிலேயே ரிலையபிலிட்டி மானிட்டர் என்று ஒன்று இருப்பதை என் அண்ணன் மகன் காட்டினான். எந்தத் தேதியில் எது பழுதானது, எது நிறுவப்பட்டது என்று நாள்வாரியாகக் கோடு போட்டுக் காட்டும். என் புள்ளிகளையும் அந்தத் தேதிகளையும் ஒத்துப் பார்த்தோம். கிராபிக்ஸ் டிரைவர் ஒன்று இரவில் தானாக வந்து இறங்கிய பிறகுதான் ஒவ்வொரு கூட்டமும் தொடங்கியிருந்தது.

விஷயம் பிடிபட எங்களுக்கு இன்னும் சில வாரங்கள் ஆயின. என் லேப்டாப்பில் படம் காட்ட இரண்டு சிப்புகள். ஒன்று பிராசஸருக்குள்ளேயே இருப்பது. மற்றது ‘கேமும் விளையாடலாம் மேடம்’ என்று விற்றவர் பெருமையாகச் சொன்ன தனிச் சிப்பு. சாதாரண வேலைக்கு முதலாவது, கனமான வேலைக்கு இரண்டாவது என்று மாறி மாறி இயங்கும். அந்தக் காலத்து இம்மாதிரி லேப்டாப்புகளுக்கு இரண்டு டிரைவர்களையும் ஒன்றோடொன்று பொருத்தி, லேப்டாப் செய்த கம்பெனியே ஒரே தொகுப்பாகக் கொடுக்கும். அப்டேட்டில் வருவதோ அந்தச் சிப்புக்கான பொது டிரைவர். அதுவும் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் வரும். ஜோடி மாட்டில் ஒன்றை அவிழ்த்துவிட்டு, பழக்கமில்லாத மாட்டைக் கட்டி வண்டி ஓட்டிய கதைதான்.

விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே ஒரு கணக்கு இருக்கிறது. கொடுத்த வேலைக்கு கிராபிக்ஸ் சிப் இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால், அது மாட்டிக்கொண்டது என்று முடிவு செய்து இயங்குதளம் டிரைவரை அணைத்து மறுபடி எழுப்பும். அந்தக் கறுப்புத் திரை இதுதான். ஒரே நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் இப்படி ஆனால் நீலத்திரை. இந்த இரண்டு நொடியை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) எட்டு, பத்து என்று கூட்டிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நானும் கூட்டிப் பார்த்தேன். திரை கறுப்பதற்குப் பதில் அத்தனை நேரம் உறைந்து நின்றது, அவ்வளவுதான்.

சிப் பழுதா, டிரைவர் தகராறா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்க முடியும். உங்கள் கட்டுரையாளர் இதை எழுதியிருந்தால் எத்தனையோ பேருக்கு 4,500 ரூபாய் மிச்சமாகியிருக்கும். சுவிட்ச் போட்டதும் கம்பெனி முத்திரை தெரிகிறதே, அந்த நேரத்தில் விண்டோஸின் டிரைவர் எதுவும் ஏறியிருக்காது. அந்தத் திரையிலேயே கோடுகளும் கட்டங்களும் தெரிந்தால் சிப்போ, திரையோ, உள்ளே போகும் டிஸ்பிளே கேபிளோ பழுது. வெளியே ஒரு மானிட்டரை மாட்டிப் பாருங்கள். அதில் படம் சுத்தமாக இருந்தால் சிப் தப்பித்தது. அடுத்தது சேஃப் மோடு. அதில் கம்பெனி டிரைவர் ஏறாது, அடிப்படை டிரைவர்தான். சேஃப் மோடில் மணிக்கணக்கில் ஒன்றும் ஆகாமல், சாதாரணமாகத் திறந்தால் மட்டும் கறுக்கிறது என்றால் பெரும்பாலும் டிரைவர்தான். என் மெஷின் மூன்றிலும் தேறியது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் கடைக்காரத் தம்பி சூட்டைப் பற்றியும் ஏதோ சொல்லியிருந்தார். அது முழுக்கப் பொய் இல்லை. மூடியைத் திறந்தபோது ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் தூசி ஒரு கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. சூட்டைக் கடத்துவதற்காகச் சிப் மேல் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொரிந்துபோயிருந்தது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலைச் சொல்ல வேண்டுமா? இரண்டையும் சரிசெய்ததும் புள்ளிகள் பாதியாகக் குறைந்தன. மீதிப் பாதிக்கு டிரைவரைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

நாங்கள் செய்தது இது. முதலில் இணையத்தைத் துண்டித்தோம். இதை மறந்தால், நீங்கள் நீக்க நீக்க அது பின்னாலேயே வந்து ஏறிக்கொள்ளும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்களுக்குப் போய் இரண்டையும் நீக்கினோம். டிரைவர் மென்பொருளையும் அழிக்கவா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். அதில் டிக் போடாவிட்டால் பழைய குப்பை உள்ளேயே கிடக்கும். மறுபடி திறந்தபோது எழுத்தெல்லாம் பெரிதாக, மங்கலாக வந்தது. பயப்பட வேண்டாம், அது அடிப்படை டிரைவர். பிறகு லேப்டாப் கம்பெனியின் பழைய தொகுப்பை நிறுவினோம். விண்டோஸ் 8க்காக வந்ததுதான், 10இலும் ஏறியது. கடைசியாக, அந்த அப்டேட் திரும்ப வராதபடி ‘ஷோ ஆர் ஹைட் அப்டேட்ஸ்’ என்ற சின்னக் கருவியால் மறைத்து வைத்தோம். முந்தைய டிரைவருக்கே திரும்ப ரோல் பேக் என்று ஒரு பொத்தானும் உண்டு. ஃபார்மட் போட்ட மெஷினில் திரும்பிப் போகப் பழைய டிரைவர் இல்லாததால், எனக்கு அது அமுக்க முடியாமல் மங்கியே கிடந்தது.

அந்தப் பழைய தொகுப்பு கிடைத்த கதைதான் எனக்கு ஆறாத வருத்தம். கம்பெனியின் பக்கத்தில் மாடல் எண்ணைப் போட்டால், இந்தத் தயாரிப்புக்கான ஆதரவு முடிந்தது என்று வருகிறது. கோப்பு இல்லை. கம்பெனியின் பெயரை எழுதவில்லை. இது ஒரு கம்பெனியோடு நிற்கும் பழக்கமும் இல்லை. தேடப் போனால் முதலில் வருபவை டிரைவர் அப்டேட் செய்து தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள். ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். 31 டிரைவர்கள் பழையவை, உடனே பணம் கட்டுங்கள் என்று சிவப்பில் அலறியது. எங்களைக் காப்பாற்றியது பீரோவுக்குள் துணிக்கடியில் கிடந்த, லேப்டாப்போடு வந்த டி.வி.டி. அதையும் ஒரு தீபாவளி ஒழிப்பில் தூக்கிப்போட இருந்தேன்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அப்போது வாங்கிய பிள்ளைகள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி மூன்று லேப்டாப்புகள் பரணில் கிடக்கின்றன. கேட்டால் ‘டிஸ்பிளே போயிருச்சு’ என்கிறார்கள். போனது டிஸ்பிளேயா, டிரைவரா என்று யாரும் பார்க்கவில்லை. அவற்றில் ஒன்றை லினக்ஸ் பென்டிரைவில் திறந்து பார்த்தோம். கிராபிக்ஸுக்கு ஒன்றும் தனியாக நிறுவாமலே திரை பளிச்சென்று வந்தது. பழைய சிப்புகளுக்கான டிரைவர் அங்கே கெர்னல் என்ற இயங்குதள மையத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த வீட்டுப் பையன் இப்போது அதில்தான் படிக்கிறான். என் பேஜ்மேக்கருக்கு அந்த வழி சரிப்படவில்லை.

பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வேறு, கிராபிக்ஸ் டிரைவர் வேறு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. என் லேப்டாப்பின் பிராசஸர் விண்டோஸ் 11 கேட்கும் தகுதிப் பட்டியலில் இல்லை. ஆகவே பணம் சம்பந்தப்பட்ட எதையும் நான் இதில் தொடுவதில்லை. அச்சு வேலைக்கு மட்டும், இணையத்தை அணைத்துவிட்டு ஓட்டுகிறேன். கடைசியாகப் புள்ளி வைத்து ஏழு மாதம் ஆகிறது.

கட்டுரையாளரிடம் இரண்டு வேண்டுகோள். டிரைவரை மட்டும் அப்டேட்டிலிருந்து விலக்கிவைக்கும் குரூப் பாலிசி அமைப்பு ப்ரோ பதிப்பில் இருக்கிறது, வீட்டுக்காரர்கள் வைத்திருக்கும் ஹோம் பதிப்பில் அந்தப் பக்கமே இல்லை. ஹோம் வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று படம் போட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நன்றாக ஓடும் லேப்டாப்பிலிருந்து டிரைவர்களை மொத்தமாகப் பென்டிரைவுக்கு நகல் எடுக்க, விண்டோஸிலேயே ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். டி.வி.டி. எல்லார் பீரோவிலும் இருக்காது.

இப்படிக்கு,
டி.டி.பி. வேலை செய்யும் ஒரு வாசகி,
சிவகாசி.