நுரையீரல் படம் வரைபவர்களுக்கு ஒரு மடல்

பள்ளி அறிவியல் பாடநூல்களை எழுதுகிற, படம் வரைகிற குழுவினருக்கு,

வணக்கம். பல ஆண்டுகளாக உயிரியல் சொல்லித் தருகிறேன். சுவாசப் பாடம் வரும்போதெல்லாம் அந்தப் பழைய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சங்கடப்படுகிறேன். திராட்சைக் கொத்து மாதிரி காற்றறைகள், அவற்றின் மேல் போனால் போகிறதென்று நாலு சிவப்புக் கோடு, நாலு நீலக் கோடு. அவைதான் தந்துகிகளாம், அதாவது மயிரிழை போன்ற நுண்ணிய இரத்தக்குழாய்களாம்!

இதைப் பார்க்கும் பிள்ளைகள், காற்று உள்ளே போனாலே மூச்சுவிடும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதி வேலைதான் அது. ஆக்சிஜனை வாங்கிப்போக இரத்தம் வராவிட்டால் இழுத்த மூச்சு வீண். நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் நுரையீரல் தமனியை இரத்தக்கட்டி அடைத்துவிட்டால், காற்று தாராளமாகப் போய்வந்தாலும் மூச்சுத் திணறும்.

காற்றறைச் சுவரின் பெரும்பகுதியே தந்துகிகள்தான். இரத்தத்தைத் தகடாக விரித்து வைத்த மாதிரி அவ்வளவு நெருக்கம். ஓய்வில் அவற்றுக்குள் இருப்பது 100 மில்லிலிட்டருக்கும் குறைவான இரத்தம். அது விரிந்து கிடக்கும் பரப்போ சுமார் 70 சதுர மீட்டர். மெல்லிய இடங்களில் காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே அரை மைக்ரோமீட்டர்கூட இல்லை. சிவப்பணு உடம்பை நெளித்துக்கொண்டு இந்தத் தந்துகிச் சந்துக்குள் நுழைந்து, முக்கால் நொடியில் வெளியேறிவிடும். ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ள அதற்குக் கால் நொடி போதும். மிச்சமெல்லாம் கையிருப்பு. ஓடும்போது இரத்தம் வேகமெடுக்குமே, அப்போது உதவும். அதுவரை சும்மா கிடந்த தந்துகிகளும் அப்போது திறந்துகொள்ளும்.

அப்புறம், தந்துகிக்கு முன்னால் இருக்கும் சிறு தமனிகள். உடம்பின் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் இரத்தக்குழாய் விரியும், இங்கே சுருங்கும். காற்று வராத மூலைக்கு இரத்தத்தை அனுப்பி என்ன பயன்? இதைச் சொன்னால் கடைசி பெஞ்சிலிருந்துகூட கை உயர்கிறது. பாடத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

1628-இல் இரத்த ஓட்டத்தை விளக்கிய ஆங்கிலேய மருத்துவர் ஹார்வியால், தமனியையும் சிரையையும் இணைப்பது எது என்று பார்க்க முடியவில்லை. 1661-இல் இத்தாலிய மருத்துவர் மால்பிஜி அந்த இணைப்பான தந்துகியை நுண்ணோக்கியில் பார்த்தது தவளையின் நுரையீரலில். தந்துகி முதலில் பிடிபட்ட இடத்திலேயே அதை நாலு கோட்டில் முடித்துவிட்டீர்கள்.

அடுத்த பதிப்பில் ஒரே ஒரு காற்றறையைப் பெரிதாக வரையுங்கள், வலை அடர்த்தியாகத் தெரியும்படி. பக்கத்திலேயே ஒரு வெட்டுத்தோற்றம், சுவரும் சிவப்பணுவும் சரியான அளவு விகிதத்தில். இடம் போதவில்லை என்றால் மூச்சுக்குழாய்ப் படத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்