அப்பாவுக்கு, குவீன்ஸிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? அம்மா முழங்காலுக்கு அந்தத் தைலத்தை விடாமல் தேய்த்துக்கொள்கிறாளா என்று எழுதுங்கள். இங்கே நியூயார்க்கில் மார்ச் பிறந்தும் குளிர் விடவில்லை. இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வந்து, மிளகு ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணைச் சுழற்றுவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும்.

போன வாரம் தொலைபேசியில் பேசும்போது என் அறையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் கேட்டுவிட்டு, "என்னம்மா இது, ஒருவன் பேசிக்கொண்டே போகிறான், பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?" என்றீர்கள். நான் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து மனது சரியாக இல்லை. கும்பகோணத்தில் பதினெட்டு வருடம் ரெக்கார்டிங் சென்டர் நடத்தியவர் கேட்ட கேள்விக்கு மகள் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பாட்டு 1994ஆம் ஆண்டுப் பாட்டு. பாடியவர் நாஸ் என்ற ராப் பாடகர். இந்த இசைக்கு ஹிப்-ஹாப் என்று பெயர். தொகுப்பின் பெயர் 'இல்மாட்டிக்'. அந்த ஏப்ரல் 19 அன்று அது வெளிவந்தபோது அவருக்கு வயது 20. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மொத்தம் பத்துப் பாட்டு, ஏறக்குறைய 40 நிமிடம். உங்கள் கணக்கில் சொன்னால், ஒரு அறுபது கேசட்டில் போட்டாலும் இருபது நிமிடம் மிஞ்சும். கேசட்டின் இரண்டு பக்கங்களுக்கும் 'ஏ', 'பி' என்று பெயர் வைக்கவில்லை. அவர் வளர்ந்த இடத்தின் இரண்டு தெருப் பக்கங்களின் பெயரை வைத்திருக்கிறார்கள்: ஒன்று நாற்பதாம் பக்கம் வடக்கு, இன்னொன்று நாற்பத்தோராம் பக்கம் தெற்கு. கேசட்டைத் திருப்பிப் போட்டால் தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போகிறோம். உங்களுக்கு இது பிடிக்கும் என்று தெரியும்.

இதை எனக்குக் கொடுத்தது எங்கள் பரிசோதனைக்கூடத்தில் என்னோடு இரவு வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; மனதுக்குள் அக்கா என்றே கூப்பிடுகிறேன். நான் வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தை உங்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை. பதினைந்து வருடம் ஆங்கிலம் படித்துவிட்டு வந்தும், சுரங்க ரயிலில் ஒலிபெருக்கி சொல்வது ஒன்றுகூடப் புரியவில்லை. கூடத்தில் மற்றவர்கள் வேகமாகப் பேசிச் சிரிக்கும்போது நானும் சும்மா சிரித்து வைப்பேன். ஞாயிறு தவறாமல் ஃப்ளஷிங் பிள்ளையார் கோவிலுக்குப் போய், கீழே இருக்கும் கேன்டீனில் ஒரு தோசை சாப்பிட்டு, பக்கத்து மேசையில் யாராவது தமிழில் பேசினால் அதைக் கேட்பதற்காகவே இன்னொரு காபி வாங்குவேன். அந்த அக்கா இதையெல்லாம் கவனித்திருக்கிறார். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, ரத்த மாதிரி அடைத்த சோதனைக் குழாய்களை இயந்திரத்தில் சுழலவிட்டு நாங்கள் சும்மா இருந்த நேரத்தில், "உனக்குப் புரிய வேண்டிய ஆங்கிலம் இதுதான்" என்று இந்தப் பாட்டைப் போட்டார்.

முதலில் எனக்கும் நீங்கள் கேட்ட கேள்விதான் வந்தது. அப்புறம் ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி எழுத ஆரம்பித்தேன். வாடிக்கையாளர் துண்டுச் சீட்டில் எழுதி வரும் பாட்டுப் பட்டியலை நீங்கள் கடை நோட்டில் படியெடுப்பீர்களே, அதே மாதிரி. ஒரு பாட்டுக்கு இரண்டு வாரம் ஆனது. மூன்றாவது பாட்டு முடிவதற்குள் ரயில் அறிவிப்பு எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது.

இப்போது வாத்தியத்துக்கு வருகிறேன். உங்களுக்குத்தான் இது சரியாக விளங்கும். ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்து, ஒரு பாட்டின் முன்னிசை மட்டும் திரும்பத் திரும்ப வர வேண்டும், மாப்பிள்ளை அழைப்புக்குப் போட வேண்டும் என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? நீங்கள் முள்ளைத் தூக்கி, தட்டை விரல் நுனியால் பின்னுக்குச் சுழற்றி, அதே பள்ளத்தில் மறுபடி முள்ளை இறக்கி, டேப்பை நிறுத்தி ஓடவிட்டுப் பன்னிரண்டு தடவை ஒட்டினீர்கள். நான் முக்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஒட்டு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

ஹிப்-ஹாப் பிறந்ததே அந்த வேலையில்தான் அப்பா. 1973 ஆகஸ்ட் 11 அன்று, இதே நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில், ஒரு தங்கை பள்ளி திறப்பதற்கு முன் புதுத்துணிக்குக் காசு சேர்க்க ஒரு விருந்து வைத்தாள். பாட்டுப் போட்டது அவளுடைய அண்ணன். கூல் ஹெர்க் என்று பெயர். ஜமைக்காவிலிருந்து சிறுவனாக இங்கே வந்து சேர்ந்தவர், அவரும் நம்மைப் போல ஊர் விட்டு வந்தவர்தான். பாட்டில் மற்ற எல்லாம் அடங்கி மேளம் மட்டும் தனித்து வரும் இடத்தில்தான் கூட்டம் ஆடுகிறது என்பதை அவர் பார்த்துவைத்திருந்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு இயந்திரங்களில் வைத்து, ஒன்றில் மேளம் முடியும்போது மற்றதில் தொடங்கி, சில விநாடி மேளத்தைப் பல நிமிடங்களுக்கு நீட்டினார். அந்த மேளத்தின் மேல் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசியவர்களின் பேச்சுதான் வளர்ந்து ராப் ஆனது.

தொண்ணூறுகளுக்கு வரும்போது அந்த வேலையைச் செய்ய இயந்திரம் வந்துவிட்டது. எஸ்பி-1200 என்ற ஒன்றை அக்காவின் உறவினர் வீட்டில் பார்த்தேன். நம் கடையிலிருந்த ஆம்ப்ளிஃபயர் அளவுதான். அதன் நினைவில் மொத்தம் பத்து விநாடி ஒலிதான் கொள்ளும். நம்ப முடிகிறதா? அந்தப் பத்து விநாடியில் ஒரு பாட்டுக்குரிய மேளம், பியானோ, தாழ்சுருதி எல்லாவற்றையும் அடக்க வேண்டும். அதனால் 33 வேகத் தட்டை 45 வேகத்தில் ஓடவிட்டுப் பதிவார்களாம். வேகமாக ஓடினால் குறைந்த இடம் பிடிக்கும். பிறகு இயந்திரத்துக்குள் மெதுவாக்கிக்கொள்வார்கள். மெதுவாக்கும்போது ஒலியில் ஒரு கரகரப்பு ஏறும். நீங்கள் கேட்டால் 'ஹெட் அழுக்கு' என்று ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுப்பீர்கள். அந்தக் கரகரப்புக்காகவே இன்றும் அந்தப் பழைய இயந்திரத்தைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள்.

ஆகவே இவர்களுக்கு வாத்தியம் தெரியாது, அடுத்தவர் பாட்டை எடுத்து ஒட்டுகிறார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. 'இல்மாட்டிக்'கில் பீட் ராக் என்பவர் அமைத்த பாட்டு ஒன்று இருக்கிறது. அகமத் ஜமால் 1970இல் வாசித்த ஒரு ஜாஸ் பியானோத் துண்டு அதில் சுழன்று வரும். மூலத்தில் அது போகிற போக்கில் வந்து கடந்துவிடும். ஆயிரம் தட்டுகளைக் கேட்ட காதுக்குத்தான் அந்த இடத்தில் ஒரு முழுப் பாட்டு ஒளிந்திருப்பது தெரியும். கடைசிப் பாட்டில் மைக்கேல் ஜாக்சனின் 'ஹியூமன் நேச்சர்' வருகிறது. அவரை உங்களுக்குத் தெரியும், அவருடைய கேசட்டை நீங்களே எத்தனை பேருக்குப் பதிந்து கொடுத்திருக்கிறீர்கள்.

சொல்லுக்கு வருகிறேன். நம் செய்யுளில் எதுகை அடியின் தொடக்கத்தில் நிற்கும். இவர்களுக்கு ஓசை ஒன்றுவது அடியின் முடிவில். நாஸ் முடிவோடு நிற்காமல் வரியின் நடுவிலும் மூன்று நான்கு இடங்களில் அதே ஓசையை வைத்து, அடி முடிகிற இடத்தில் வாக்கியத்தை முடிக்காமல் அடுத்த அடிக்குள் இழுத்துப்போகிறார். தாளத்துக்குச் சற்றுத் தள்ளி எடுத்து, சரியாக இடத்துக்கு வந்து சேரும் பாடகரைக் கேட்டால் தலையை ஆட்டுவீர்களே, அந்த ஆட்டம் எனக்கு இதிலும் வருகிறது. 'இல்மாட்டிக்'கில் நியூயார்க்கைப் பற்றிய ஒரு பாட்டின் தொடக்கத்தில், இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்று அவர் முணுமுணுப்பது பதிவாகியிருக்கிறது. அடுத்த கணம் ஆரம்பிக்கிறார். முதல் பகுதி முழுவதும் ஒரே மூச்சில் பதிவானது என்று இசையமைத்த டிஜே பிரீமியர் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு காட்சி: துப்பாக்கிச் சண்டையிலிருந்து ஓடி ஒருவன் கட்டடத்தின் முன்கூடத்துக்குள் நுழைகிறான். அங்கே நிறையக் குழந்தைகள். அவன் இருக்கும் உயரத்தை அந்தக் குழந்தைகளால் பார்க்க முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த இடத்தில் நான் நோட்டை மூடிவிட்டேன்.

நாஸ் வளர்ந்த அந்தக் கட்டடங்களைப் போய்ப் பார்த்தேன். குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பு, 1939இல் அரசாங்கம் கட்டியது, 3,142 வீடுகள். ஆறு மாடிச் செங்கல் கட்டடங்கள், மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'ஒய்' எழுத்துபோல இருக்குமாம். பக்கத்தில் சிவப்பும் வெள்ளையும் பட்டையடித்த மின்நிலையப் புகைபோக்கிகள், தலைக்கு மேல் பாலம், ஆற்றுக்கு அக்கரையில் மன்ஹாட்டனின் பணக்காரக் கோபுரங்கள். அக்கா தான் வளர்ந்த கட்டடத்தின் வாசல் பெஞ்சைக் காட்டினார். அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு பாட்டி சக்கரவண்டியில் மளிகைப் பையை இழுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நோட்டில் நான் எழுதிய வரிகளுக்கெல்லாம் அன்று ஒரு முகவரி கிடைத்துவிட்டது.

இத்தனை பாட்டிலும் எனக்கு உயிரானது ஒன்று உண்டு: 'ஒன் லவ்'. அது ஒரு கடிதம், அப்பா. சிறையிலிருக்கும் நண்பர்களுக்கு வெளியிலிருந்து ஒருவன் எழுதுகிற கடிதம். உனக்கு மகன் பிறந்திருக்கிறான், உன் சாடையாம், உன் மனைவி ஏன் உனக்கு எழுதுவதில்லை, உன் கணக்கில் 50 டாலர் போட்டிருக்கிறேன், தெருவில் இன்னார் இப்படி ஆகிவிட்டான் என்று போகிறது. பெரியப்பா சிங்கப்பூரில் இருந்தபோது பாட்டி சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிய கடிதங்களில் வேறு என்ன இருந்தது? பின்னணியில் ஹீத் பிரதர்ஸ் என்ற ஜாஸ் குழுவின் தட்டிலிருந்து எடுத்த ஒரு ஆப்பிரிக்கக் கட்டைவிரல் வாத்தியம், தகரத்தில் மழை சொட்டுவதுபோலத் திரும்பத் திரும்ப வரும். அமைத்தவர் கியூ-டிப். மூன்றாவது பகுதியில் எழுதுகிறவன் பெஞ்சில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனைப் பார்க்கிறான். பையன் குண்டு துளைக்காத சட்டை போட்டிருக்கிறான், அவன் சிரிப்பில் ஈரமே இல்லை. இவன் பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த புத்தியைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறான். பையன் திருந்தினானா என்று பாட்டில் இல்லை. கடிதம் எழுதுகிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

அக்காவின் தம்பி அந்த வருடங்களில் சிறையில் இருந்தார். அக்கா அவருக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவாராம். இந்தப் பாட்டு வந்த பிறகு, 'அம்மா நலம், நான் நலம்' என்பதை விட்டுவிட்டு, மாடிப்படியில் புதிதாகப் பெயின்ட் அடித்ததையும் எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதையும் எழுத ஆரம்பித்தேன் என்று சொன்னார். தம்பி அவற்றைத்தான் பத்திரமாக வைத்திருந்தாராம். அதைக் கேட்ட பிறகுதான் நான் உங்களுக்கு நீளமாக எழுத ஆரம்பித்தேன்.

வசைச்சொல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. பெண்களைப் பற்றிய சில வரிகள் எனக்கு அறவே பிடிக்காது. அந்த வரி வந்தால் மனது சுருங்கிவிடும், அதற்குச் சமாதானம் தேட மாட்டேன். ஒரு பாட்டின் பெயரே வசைதான், அதை உங்களுக்கு எழுதவும் கை வரவில்லை. ஆனால் அதே பாட்டின் முடிவில் கார்னெட் என்ற ஊதுகுழல் ஒன்று வருகிறது. இதுவரை பேசியதெல்லாம் ஓய்ந்து, மாலை வெயில்போல அது மெல்லத் தாழ்ந்து போகும். ஊதுபவர் ஓலு தாரா, நாஸின் அப்பா. மகன் கூப்பிட்டிருக்கிறான், அப்பா வந்து ஊதிக் கொடுத்திருக்கிறார். அந்த இடம் வரும்போது எனக்கு உங்கள் நினைப்புதான்.

2021இல் இந்த நாட்டின் காங்கிரஸ் நூலகம், காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 'இல்மாட்டிக்'கைச் சேர்த்தது. அக்காவிடம் சொன்னேன். "எங்கள் பெஞ்சுக்கு அது முன்பே தெரியும்" என்றார்.

இன்னொன்று, உங்கள் சர்க்கரையைப் பற்றி. இதே குவீன்ஸைச் சேர்ந்த ஏ டிரைப் கால்டு குவெஸ்ட் என்று ஒரு குழு, நான் மேலே சொன்ன கியூ-டிப் அதில்தான் இருந்தார். அவரோடு பாடியவர் ஃபைஃப் டாக். தனக்கு நீரிழிவு என்பதை 1993ஆம் ஆண்டுப் பாட்டிலேயே மறைக்காமல் சொன்னவர். மனைவி ஒரு சிறுநீரகம் கொடுத்தும், 2016இல் 45 வயதில் போய்விட்டார். லிண்டன் புல்வார்டில் ஒரு தெருமுனைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்குக் கீழே நின்று உங்களை நினைத்துக்கொண்டேன். மாத்திரையைத் தவறவிடாதீர்கள். இந்த மாதப் பரிசோதனை முடிவைத் தம்பியிடம் சொல்லி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பரணில் இருக்கும் தட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடப்போகிறேன் என்று அம்மா சொன்னாளாம். வேண்டவே வேண்டாம். தம்பியை ஏறச் சொல்லி இறக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் வளைந்துவிடும், புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்கி வையுங்கள். அந்தக் கல்யாணக் கேசட்டின் மூலப்பிரதி அந்த மரப்பெட்டியில் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். தை மாதம் வரும்போது அக்காவுக்குப் போட்டுக்காட்ட அதை வாங்கிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்