விடுதியை இடிக்கும் முன் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய பல்கலைக்கழக விடுதிகளையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு அடுக்குமாடிகளாகக் கட்ட வேண்டும் என்று உங்கள் வாசகர் பகுதியில் அவ்வப்போது யாராவது எழுதுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் இப்போது அப்படி ஒரு விடுதியில் குடியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் இருக்கிறேன். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது, சென்னையில் இருக்கிறது, பெண்கள் விடுதி. இதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். அடுத்த வருடமும் எனக்கு அறை வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம், மதியம் இரண்டு மணிக்கு எங்கள் அறைக்குள் வந்து நின்று பாருங்கள். கூரை எட்டாத உயரம். சுவர் ஒன்றரை அடிக்கு மேல் கனம். மேலே, கயிறு கட்டித் திறக்கும் வெண்டிலேட்டர் வழியாகச் சூடான காற்று தானாக வெளியேறிவிடும். பக்கத்திலேயே புது பிளாக் ஒன்று இருக்கிறது. டைல்ஸ், கண்ணாடி ஜன்னல், எல்லாம் பளபளப்பு. அங்கே கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க இறக்கும். அந்த பிளாக் பெண்கள் கோடையில் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வராந்தாவுக்குத்தான் படுக்க வருகிறார்கள். நாங்களும் கொஞ்சம் கெத்தாக இடம் விடுவோம்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. அறையில் பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்று. கட்டிய காலத்தில் ஒரு மேசை விளக்குக்குப் போதுமாக இருந்திருக்கும். இன்றைக்கு நான்கு போன், மூன்று லேப்டாப். யார் எப்போது சார்ஜ் போடுவது என்று நேரம் போட்டு கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம். சண்டை வந்தால் அந்தத் தாள்தான் தீர்ப்பு. இருவர் அறையில் நால்வர் இருக்கிறோம், மேசை மட்டும் இன்னும் இரண்டுதான். பல்பு ஃபியூஸ் போனால் கம்ப்ளெயின்ட் நோட்டில் எழுத வேண்டும். எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்தாலும் அந்த உயரத்துக்கு ஏணி வர வேண்டும். விடுதி முழுவதற்கும் ஏணி ஒன்று. குளியலறைகள் வராந்தாவின் கடைசியில். காலை ஐந்தரைக்கே வாளிகள் வரிசையில் நின்றுவிடும், ஆள் அப்புறம் வருவாள். மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம் என்பதால் மாதச் செலவை இருப்பவர்கள் தலைக்குப் பிரித்துவிடுவார்கள். பொங்கலுக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டால், சாம்பார் தண்ணீரானாலும் பில் ஏறும். ஆனால் இதில் எது கட்டடத்தின் குற்றம்? வயரிங்கை மாற்றலாம், இன்னொரு ஏணி வாங்கலாம், ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று வைக்கலாம்.

இடிக்க வேண்டும் என்பவர்கள் காட்டுகிற ஒரே பெரிய காரணம், காரை பெயர்ந்து விழுகிறது, கூரை ஒழுகுகிறது என்பது. உண்மைதான். என் கட்டிலுக்கு மேலேயே ஒரு திட்டு இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் கட்டிலை நகர்த்திவிடுவேன். இதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன்.

எங்கள் அப்பா கொத்தனார். அருப்புக்கோட்டைப் பக்கம். சின்ன வயதில் சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரியிடம் கையாளாக இருந்தவர். தீபாவளிக்கு என்னை அழைத்துப்போக வந்தபோது பார்வையாளர் அறையில்தான் உட்கார்ந்திருந்தார்; ஆண்களுக்கு அதற்கு மேல் அனுமதி இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கி வருவதற்குள், எழுந்துபோய்ச் சுவரை விரல் கணுவால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் ணங்கென்றது, அடுத்த இடத்தில் பொத்தென்றது. நகத்தால் நெம்பினார். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு அப்படியே கையோடு வந்தது. பின்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. "சுண்ணாம்புச் சுவத்துக்கு யாருமா சிமென்ட் பூசினது? மழைக்கோட்டை மாட்டி உள்ள வேர்க்க விட்டுருக்கானுங்க" என்றார். வாட்ச்மேன் பார்ப்பதற்குள் அந்தத் துண்டை நான் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் போகும்போது விளக்கினார். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் தரையிலிருந்து ஓதத்தை இழுக்கும். ஆனால் வெயில் அடித்தால் விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரத்துக்குப் போக வழியில்லை. உப்பு உள்ளேயே படிந்து பூச்சைத் தள்ளும். பூச்சு விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி சிமென்ட் பூசுவார்கள்.

கூரையும் அப்படித்தான். இது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பெண்கள் கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய தளம். அதற்கு மேல் தட்டையான ஓடு. எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற எவளும் சொல்வாள்: மழைத்தண்ணீர் போகிற ஓட்டைகளில் காய்ந்த இலை அடைத்திருக்கிறது, கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று இடுப்பு உயரம் வளர்ந்திருக்கிறது. அதைப் பிடுங்க ஆள் வந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் தேங்கினால் தேக்கும் உளுக்கத்தான் செய்யும்.

சரி, இதையெல்லாம் பழுதுபார்க்க முடியுமா என்றால், நம் அரசே செய்து காட்டியிருக்கிறது. சேப்பாக்கத்தில் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்த, ஆற்காடு நவாபின் மாளிகையான கலச மகாலைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. அதை ஒட்டிய ஹுமாயூன் மகாலையும் சுண்ணாம்பு வேலையாலேயே தூக்கி நிறுத்தினார்கள். 1879-இல் கட்டி முடித்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் பழுதுபார்க்கப்பட்டு நிற்கிறது. நவாபின் மாளிகைக்குக் கிடைக்கிற கொத்தனார் மாணவிகள் விடுதிக்கு மட்டும் கிடைக்க மாட்டாரா?

இடிப்பதாகவே முடிவானாலும் ஒரு கேள்வி இருக்கிறது. புதுக் கட்டடம் எழும்வரை நாங்கள் எங்கே போவது? உதவித்தொகை மாதக்கணக்கில் தள்ளித்தான் வருகிறது. அதில் தனியார் ஹாஸ்டல் வாடகை கட்ட முடியாது. எங்கள் வீட்டில் என்னைச் சென்னைக்கு அனுப்பியதே வளாகத்துக்குள் விடுதி இருக்கிறது என்பதற்காகத்தான். என் அறையில் இருக்கும் மற்ற மூவருக்கும் இதே கதைதான்.

ஆகவே சம்பந்தப்பட்டவர்களுக்கு என் வேண்டுகோள்: எந்த விடுதிக்கும் 'பாழடைந்தது' என்று சான்று கொடுக்கும் முன், பாரம்பரியக் கட்டடங்களைப் பார்த்துப் பழகிய பொறியாளர் ஒருவரை அனுப்புங்கள். வரவேற்பறையில் டீ குடித்துவிட்டுப் போகாமல் அவர் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வந்தால் நல்லது. ஏணி வேண்டுமென்றால் ஒரு நாள் முன்னதாக நோட்டில் எழுதிவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவி ஒருத்தி,
சென்னை.
(பெயரை வெளியிட வேண்டாம்.)