இரண்டு ரிங்கிட் சாலை வரியும் எட்டாத காப்புறுதியும்: போக்குவரத்து அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கும், சாலைப் போக்குவரத்துத் துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், காப்புறுதித் துறையை மேற்பார்வையிடும் பேங்க் நெகாரா அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சுங்கை சிப்புட் நகருக்குள் நுழையும் சாலையில் தடுப்புச் சோதனை நடந்தது. எங்கள் தோட்டத்துப் பையன்கள் மூவர் தொலைவிலேயே அதைப் பார்த்துவிட்டு, மோட்டாரைத் திருப்பிச் செம்பனைக் காட்டுக்குள் போகும் மண்சாலையில் இறக்கினார்கள். முந்தைய இரவு நல்ல மழை. இருவர் தப்பிவிட்டனர். மூன்றாமவன் சறுக்கி வடிகாலில் விழுந்து காறையெலும்பை முறித்துக்கொண்டான். வயது பதினேழு. நகரில் ஒரு டயர் கடையில் அரை நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். அவனிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை; மோட்டாருக்குக் காப்புறுதியும் முடிந்திருந்தது.

உரிமம் இல்லாமல் சாலையில் இறங்கியது தவறு, சோதனையைக் கண்டு ஓடியது அதைவிடப் பெரிய தவறு என்று, அவன் கட்டிலில் படுத்திருக்கும்போதே அவன் தாயின் முன்னால் நானே சொன்னேன். அந்த அம்மாள் மறுத்துப் பேசவில்லை. “எடுக்கச் சொல்றது சரிங்கண்ணே, எதை வித்து எடுக்கிறது?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: சட்டப்படி மோட்டார் ஓட்டுவதற்கு ஆகும் செலவு, சட்டத்தை மீறி ஓட்டுவதற்கு ஆகும் செலவைவிடக் குறைவாக இருக்கும்படி செய்து தாருங்கள்.

விதிகளை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பதினாறு வயது நிறைந்த பிள்ளை மோட்டார் சைக்கிளுக்கான பி2 உரிமம் எடுக்கலாம். கோட்பாட்டு வகுப்பில் உட்கார வேண்டும், கணினித் தேர்வில் ஐம்பது கேள்விகளில் நாற்பத்திரண்டுக்குச் சரியான விடை எழுத வேண்டும், பயிற்சி பெற வேண்டும், திடல் தேர்விலும் சாலைத் தேர்விலும் தேற வேண்டும், பிறகு இரண்டு ஆண்டுகள் புதிய ஓட்டுநர் என்பதைக் காட்டும் ‘பி’ அடையாளத்தை ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். இவற்றில் எதையும் நீக்கும்படி நான் கேட்கவில்லை. இந்நாட்டுச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் என்பது ஆண்டுதோறும் வெளிவரும் செய்தி. எங்கள் தோட்டக் கோயிலில் மாலை போட்ட படங்களாகவும் அந்தச் செய்தி எங்களிடம் இருக்கிறது. பிள்ளைகள் முறையாகக் கற்க வேண்டும் என்பதில் உங்களைவிட எங்களுக்கு அக்கறை குறைவு என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

ஆனால் முறையாகக் கற்ற ஒரு பிள்ளையின் கதையையும் நீங்கள் கேட்க வேண்டும். அவன் என் மருமகன், அக்காளின் மகன். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வை முடித்த கையோடு உரிமம் எடுத்துவிட வேண்டும் என்று தாய்மாமன் என்ற உரிமையில் நான்தான் பிடிவாதமாக நின்றேன். என் அக்காள் பால்மரம் வெட்டுகிறவர். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லாத நாளுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று 2025 பிப்ரவரியில் அறிவிப்பு நடைமுறைக்கு வந்தபோது எல்லோரையும் போல அவரும் மகிழ்ந்தார். மளிகைக் கடைப் பாக்கியும் பையனின் தங்கைக்கான பள்ளி வேன் கட்டணமும் போக அதில் எவ்வளவு நிற்கும் என்பதை நான் உங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டத் தேவையில்லை.

ஈப்போ செல்லும் வழியில் உள்ள ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவனைச் சேர்த்தோம். கட்டணம் 485 ரிங்கிட். தவணையில் கட்டலாமா என்று கேட்டதற்கு, பாதியை முதலிலும் மீதியைத் தேர்வுக்கு முன்பும் தர வேண்டும் என்றார்கள். அதாவது இரண்டு தவணை, ஒரே மாதத்துக்குள். எங்கள் தோட்டத்திலிருந்து அந்தப் பள்ளிக்குப் பேருந்து கிடையாது. வகுப்புக்கு ஒரு நாள், கணினித் தேர்வுக்கு ஒரு நாள், பயிற்சிக்கு இரண்டு நாள், தேர்வுக்கு ஒரு நாள் என ஐந்து முறையும் அவனை என் பழைய கப்சாய் மோட்டாரின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு போனேன். மோட்டார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு பிள்ளை போக வேண்டுமானால், அவனை மோட்டாரில் கொண்டுபோய் விட இன்னொருவர் வேலையை விட வேண்டும் என்பதே தோட்டப்புறத்தின் நிலை. நான் ஓய்வுபெற்றவன் என்பதால் அவனுக்கு வாய்த்தது. மாமன் இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

தேர்வு நாளன்று அவன் தித்தி எனும் சமநிலைச் சோதனையில் தோற்றான். அந்த ஒடுங்கிய மேடையின் மேல் மெதுவாக, விழாமல், காலை ஊன்றாமல் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஏறினான், பாதி தூரம் சரியாகவே போனான், பிறகு முன்சக்கரம் சிறிது நெளிந்தது, வலது காலைத் தரையில் வைத்துவிட்டான். அவ்வளவுதான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த என்னை அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் தோல்வி தெரியவில்லை, கணக்குத்தான் தெரிந்தது: மறுதேர்வுக்குக் கட்டணம், இன்னொரு நாள், அம்மாவிடம் எப்படிச் சொல்வது. வீடு திரும்பும் வழி முழுவதும் அவன் வாய் திறக்கவில்லை. மறுதேர்வில் தேறினான், அதற்கான பணம் என் ஓய்வூதியத்திலிருந்து போனது. அவனோடு அன்று தோற்ற வேறொரு பையன், எங்கள் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவன், திரும்ப வரவே இல்லை. அவன் இன்றும் மோட்டார் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

உரிமம் கைக்கு வந்ததும் எங்கள் தொல்லை முடிந்தது என்று எண்ணினேன். காப்புறுதி முகப்பிடத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அது பாதி வழி என்று.

நூற்றுப் பத்து சிசி மோட்டார், பழையது, அக்காளின் பெயரில் பதிந்தது. பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் போதும் என்றேன். முகவர் புன்னகைத்தார். அது தனியாக இல்லை, தனிநபர் விபத்துத் திட்டமும் வண்டி பழுதானால் உதவும் சேவையும் சேர்ந்த பொட்டலமாகத்தான் வரும் என்றார். பையன்தான் ஓட்டப்போகிறான் என்றதும், பெயருக்குரியவர் தவிர மற்றவர் ஓட்டுவதற்குத் தனிக் கட்டணம் என்றார். எட்டு விழுக்காட்டுச் சேவை வரியும் ஏறியது. ரசீதின் கடைசியில் 218 ரிங்கிட் என்றிருந்தது. அதற்கு நேர் கீழே இன்னொரு வரி: சாலை வரி, 2.00.

நூற்றைம்பது சிசிக்கு உட்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுக்கு இரண்டு ரிங்கிட் சாலை வரி என்பது ஏழைகளின் வாகனத்தைக் கருத்தில் கொண்ட ஏற்பாடு என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறோம். காப்புறுதி இல்லாமல் அந்தச் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு ரிங்கிட் கொடுத்து வாங்கவேண்டிய சலுகையின் வாசலில் இருநூற்றுச் சொச்சம் ரிங்கிட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தால், அந்தச் சலுகையை யார் அனுபவிப்பது?

2017 ஜூலையில் மோட்டார் காப்புறுதி தாராளமயமானபோது, முழுக் காப்புறுதிக்கும், மூன்றாம் தரப்போடு தீ, திருட்டு சேர்ந்த காப்புறுதிக்கும்தான் நிறுவனங்களே விலை வைத்துக்கொள்ள விடப்பட்டன. அடிப்படை மூன்றாம் தரப்புக் காப்புறுதி, முன்பே நிர்ணயிக்கப்பட்ட அட்டவணைக் கட்டணத்திலேயே நிறுத்தப்பட்டது. சாமானியர்களைக் காப்பதற்காகவே அப்படி நிறுத்தியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் அட்டவணையில் இருக்கும் அந்தப் பொருள் முகப்பில் தனியாக விற்கப்படவில்லை என்றால், அட்டவணை யாருக்குப் பயன்? மூன்றாம் தரப்பை மட்டும் விற்றால் நட்டம் என்பது நிறுவனங்களின் வாதமாக இருக்கலாம். அப்படியானால் அதை உங்களிடம் சொல்லட்டும்; பால்வெட்டுக் கத்தி பிடித்த கையால் பர்ஸைத் திறக்கும் ஒரு பெண்மணியிடமிருந்து அதை ஈடுகட்ட வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓராண்டு இழப்பீடு கோராமல் ஓட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு 15 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 25 எனத் தள்ளுபடி உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் என்.சி.டி. எனப்படும் அந்தத் தள்ளுபடி யாருடைய பெயரில் ஏறும்? மோட்டார் ஓட்டவே தெரியாத என் அக்காளின் பெயரில். என் மருமகன் மூன்று ஆண்டுகள் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிவிட்டு, தன் சம்பளத்தில் தன் பெயருக்கு ஒரு மோட்டார் வாங்கப் போகும் நாளில், மறுபடியும் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்குவான். அவன் பொறுப்பாக ஓட்டியதற்குச் சாட்சியாக எங்கும் ஓர் எழுத்துகூட இராது.

மறுபக்கத்தைப் பாருங்கள். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, உரிமமின்றி ஓட்டினால் அபராதம் 300 ரிங்கிட்டில் தொடங்குகிறது. அது 2,000 ரிங்கிட் வரை போகலாம், சிறைக்கும் வழியுண்டு என்பதைப் பையன்கள் அறியார்கள். பயிற்சிப் பள்ளியின் 485 ரிங்கிட்டை ஒவ்வொருவனும் அறிவான். மாட்டினால் முந்நூறு, மாட்டாவிட்டால் ஒன்றுமில்லை, முறையாகப் போனால் எழுநூறு என்று தோட்டத்தில் ஆள் கூடும் பெரட்டுக் களத்து மரத்தடியில் உட்கார்ந்து அவர்கள் கணக்குப் போடும்போது, அந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல எனக்கு நெஞ்சு வருகிறது, வாய் வருவதில்லை.

விழாக்காலங்களில் தலைக்கவசம் இலவசமாக வழங்கப்படுவதைப் படத்துடன் பார்க்கிறோம். கொடுப்பவர் கையைத் தலைக்கவசத்திலும் கண்ணைக் கேமராவிலும் வைத்திருப்பார். வாங்குகிறவன் எப்படி அங்கே ஓட்டிக்கொண்டு வந்தான், உரிமம் இருக்கிறதா என்று அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. சாலை வரிச் சீட்டை ஒட்ட வேண்டாம், உரிம அட்டையைச் சுமக்க வேண்டாம், எல்லாம் கைப்பேசியில் என்று 2023 பிப்ரவரியில் சொன்னீர்கள். மகிழ்ச்சி. எங்கள் லய வீடுகளுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறி நின்றால் இணையம் கிடைக்கும். புறநகர் ரயில், மின்சார வாகனம், பறக்கும் டாக்சி என எல்லாவற்றுக்கும் வரைபடம் போடுகிற நாட்டில், ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேலையிடத்துக்கு ஒரு தோட்டத்துப் பிள்ளை எப்படிப் போவான் என்பதற்கு மட்டும் வரைபடம் கிடையாது.

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன்.

வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகப் பி2 உரிமம் வழங்கும் மைலெசன் திட்டத்தை நீங்கள் நடத்தியிருக்கிறீர்கள். அதற்கு உண்மையாகவே நன்றி. அதனால்தான் இது உங்களால் முடியும் என்று தெரிந்து கேட்கிறேன். அத்தகைய வகுப்பையும் தேர்வையும் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களின் தமிழ்ப்பள்ளித் திடலுக்கோ நகராண்மைக் கழக மண்டபத்துக்கோ ஆண்டில் சில நாள்களாவது கொண்டு வாருங்கள். ஒரு முறை தோற்ற பிள்ளையிடம் மறுதேர்வுக் கட்டணம் வாங்காதீர்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டும், வேறு எதையும் சேர்க்காமல், கேட்டவருக்குக் கேட்டபடி விற்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு எழுத்தில் ஆணையிட்டு, அந்த ஆணையை முகப்பில் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். ‘பி’ உரிமம் வைத்திருக்கும் இரண்டு ஆண்டுகளுக்குக் காப்புறுதியை மாதத் தவணையில் கட்டவும், பெற்றோர் மோட்டாரை விபத்தின்றி ஓட்டிய காலம் அந்தப் பிள்ளையின் பெயரிலேயே பதியவும் வழி செய்யுங்கள். சட்டப்படி ஓட்டுவது மீறி ஓட்டுவதைவிட மலிவாக இருக்கட்டும் என்பதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

வடிகாலில் விழுந்த பையனுக்குக் காறையெலும்பு கூட ஆறு வாரம் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். டயர் கடை முதலாளி நல்லவர், இடத்தை வைத்திருக்கிறார். ஆறு வாரம் கழித்து அவன் மறுபடியும் வேலைக்குப் போவான், அதே மோட்டாரில்தான் போவான். அதற்குள் உங்களிடமிருந்து ஒரு பதில் வந்தால் பேருதவியாக இருக்கும்.

பணிவுடன்,
ஒரு தாய்மாமன்,
சுங்கை சிப்புட், பேராக்