கை போவதற்கு முன்னால்

சோமனூர்,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. அம்மா சுகம். அமுச்சிக்கு மூட்டுவலி அப்படியேதான்.

செஸ் போட்டியில் தோற்றுவிட்டு, 'ஜெயிக்க வேண்டிய ஆட்டம்ப்பா' என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாய். திருப்பிக் கூப்பிட்டால் எல்லாவற்றுக்கும் 'சரிப்பா, சரிப்பா' என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ஆட்டத்தை நம் பழைய பலகையில் வைத்துப் பார்த்தேன். தொலைந்துபோன கறுப்புக் குதிரைக்குப் பதில் இன்னும் ஊடை நூல் சுற்றும் அந்தத் தார்க்குச்சித் துண்டுதான் நிற்கிறது. எதிரே ஆடியவள் சிப்பாயை வெட்டினாள், நீ உடனே குதிரையால் வெட்டினாய், பின்னால் இருந்த உன் யானை போயிற்று. கிளாக்கில் 11 நிமிடம் மிச்சம். உனக்குத் தெரியாததா சாமி? கை முந்திக்கொண்டது.

நம் தறியில் குறுக்கே ஓடும் ஊடை அறுந்தால் தானாக நின்றுவிடும். நெடுக ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். கவனிக்காவிட்டால் துணி நெடுகக் கோடு. எட்டுத் தறி இரைச்சலில் அந்த ஒற்றை இழை கண்ணில் பட வேண்டுமே! கடன், கூலி பாக்கி என்று நினைத்துக்கொண்டு நின்ற நாளிலெல்லாம் துணி திரும்பி வந்திருக்கிறது. தியானம் கற்றுத்தரும் மனவளக்கலை மன்றத்துக்குப் போக ஆரம்பித்ததே அதனால்தான். மனவளக்கலையைத் தந்த வேதாத்திரி மகரிஷியும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதில் எனக்கு ஒரு பிடிப்பு.

புருவ மத்தியில் நினைப்பை வைத்து உட்கார்ந்தால் எனக்கு முதலில் நூல் விலைதான் வரும். வந்தது தெரிந்ததும் மறுபடி புருவத்துக்கே திரும்புவேன். இருபது நிமிடத்தில் நாற்பது தடவை திரும்புவேன். அவ்வளவுதான் பயிற்சி. இதனால் ரேட்டிங் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆட்டத்தின் கடைசிக் கட்டமான எண்ட்கேமைப் படிக்காதவளுக்குத் தவம் என்ன செய்யும்?

ஆனால் 2024 டிசம்பர் 12 ஞாபகம் இருக்கிறதா? சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டம். 55-ஆவது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். எதிரே ஆடிய நம் குகேஷுக்கும் அது சட்டென்று தெரியவில்லை. தன் யானையை வேறெங்கோ நகர்த்தத்தான் இருந்தாராம், அவரே பிறகு சொன்னார். நல்லவேளை, தொடவில்லை. டிங்கின் பிஷப் மாட்டுவது அதற்குள் கண்ணில் பட்டுவிட்டது. பதினெட்டு வயதுப் பையன்! அதே வருஷம் டொராண்டோவில் 7-ஆவது சுற்றில் ஃபிரூஜாவிடம் தோற்றுவிட்டுத்தான், சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸை ஜெயித்தான். (வயசுக்கு மரியாதை தானாகக் குறைகிறது, மன்னித்துக்கொள்.)

முன்பெல்லாம் நகர்த்தலைத் தாளில் எழுதிவிட்டுக் காயைத் தொடுவார்கள். எழுதுகிற நேரத்தில் தப்பு தெரிந்துவிடும். இப்போது விதி அதற்கு விடுவதில்லை. அதனால் நீ அந்த நேரத்தை மூச்சில் எடுத்துக்கொள். முடிவு செய்ததும் கை இரண்டையும் தொடைக்கு அடியில் வை. ஒரு மூச்சை முழுதாக விடு. இப்போதுதான் வந்து உட்கார்ந்தவள் மாதிரி பலகையைப் பார். அப்புறம் தொடு. தொட்டால் ஆடித்தானே ஆக வேண்டும்.

இதைப் போட்டியன்றைக்கு மட்டும் செய்தால் வராது. காலையில் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போகும்முன் பத்து நிமிடம் உட்கார். தோற்ற ராத்திரி, தப்பைக் காட்டும் கம்ப்யூட்டர் எஞ்சினைத் திறக்காதே. அது உன்னைத் திட்டத்தான் செய்யும்.

தேங்காய் எண்ணெய் தீர்ந்திருக்கும், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். தீபாவளிக்கு வரும்போது கறுப்புக் குதிரை ஒன்று கிடைத்தால் வாங்கி வா. கிடைக்காவிட்டால் தார்க்குச்சி இருக்கிறது.

அப்பா